தலைவருக்குத் தலைவர்

(ஜனவரி 30, வெள்ளிக்கிழமை காலை வானொலியில் ஒலித்த மறையுரை. பொதுக்காலம் மூன்றாம் வாரம். வாசகங்கள்: 2 சாமுவேல் 11, மாற்கு 4:26-34)



ஜனவரி 30 என்றால் நமக்கெல்லாம் காந்தியடிகள் நினைவுதான் வரும். பள்ளிக்கூடத்தில் காலை 11 மணிக்கு எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்ற பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். அதே ஜனவரி 30ஆம் நாளில், 12 ஆண்டுகள் கழித்து, 1960இல், மதுரையில் இன்னொருவர் கண் மூடினார். அவர் பெயர் ஜே. சி. குமரப்பா. இன்றோடு 66 ஆண்டுகள் ஆகின்றன.

போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். பெரியவர்களில் இரண்டு பேர், "கல்லுப்பட்டி ஆசிரமத்துல இருந்தாரே, அவரா சாமி?" என்றார்கள். இளையோரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் மெய்யியலும் இறையியலும் படித்தோம். ஜெர்மானிய இறையியலாளர்களின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வோம். நம் அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் வழியாகப் பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய டி. கல்லுப்பட்டியில் ஒரு கிறிஸ்தவர் இருந்தார், இயேசுவின் போதனையை உழவுக்கும் தண்ணீருக்கும் நெசவுக்கும் பொருத்திப் பார்த்தார் என்பது நமக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது.

அவர் கத்தோலிக்கர் அல்லர். சீர்திருத்தச் சபை மரபில் வந்த குடும்பம். 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் சொந்தத் தொழில், பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல். கோட்டும் சூட்டுமாக வளர்ந்த மனிதர். 1928இல் நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அது நாளிதழில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர், இதையே ஆராய்ச்சி செய் என்றார். செய்தார். இந்தியாவின் வரிப்பணம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தவருக்கு, அதுவரை தாம் மதித்திருந்த ஆங்கில ஆட்சியின் அடிப்பகுதி தெரிந்துவிட்டது.

அந்த ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். காந்தியைப் பார்க்கச் சொன்ன நேரத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்ததால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தக் கிழவரையே வேடிக்கை பார்த்தபடி நின்றாராம். நேரம் ஆனதும் கிழவர் நிமிர்ந்து, நீங்கள்தான் குமரப்பாவா என்று கேட்டபோதுதான் யாரென்று விளங்கியது. விலையுயர்ந்த உடுப்போடு அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் திரும்பவும் நாற்காலிக்குப் போகவில்லை என்றே சொல்லலாம். காந்தி அவரைக் குஜராத்தில் மாதர் வட்டத்துக்கு அனுப்பினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் வீடு வீடாகப் போய் உழவர்களின் வரவு செலவைக் கேட்டு எழுதினார். 1934 இறுதியில் அனைத்திந்திய கிராமத் தொழில் சங்கம் உருவானபோது அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் இருந்துகொண்டு, கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், புகையில்லா அடுப்பு என்று ஒவ்வொன்றையும் செய்து பார்த்தார்.

நம்மூர்க்காரர்கள் கேட்க வேண்டிய ஒன்று: கரும்புக்கு நல்ல நிலத்தையும் தண்ணீரையும் கொட்டாதீர்கள், பனை ஒன்றும் கேட்காமல் தரிசில் நின்று வெல்லம் தருகிறது என்று எழுதியவர் அவர். நாம் பனையை வெட்டிச் சூளைக்கு அனுப்பிவிட்டு ரேஷன் சர்க்கரைக்கு வரிசையில் நிற்கிறோம்.

அவருடைய நேர்மையைப் பற்றி ஒரு செய்தி. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரிய நிலநடுக்கம். நிவாரணக் கணக்கைப் பார்க்கக் குமரப்பாவை அழைத்தார்கள். தொண்டர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான் என்று அணாக் கணக்கில் வரம்பு வைத்தார். காந்தியே தம் குழுவினரோடு வந்தபோதும், அந்த வரம்பைத் தாண்டிய செலவை நிவாரண நிதியில் எழுத மறுத்துவிட்டார். காந்தி கோபித்துக்கொள்ளவில்லை. திருவிழாக் கணக்கு எழுதும் நம் பங்குகளின் பொருளாளர்களுக்காக இதைச் சொல்கிறோம். வேறு உள்நோக்கம் இல்லை.

ஆயர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1930இல், தடியடி வாங்கியும் திருப்பி அடிக்காத மக்களின் பக்கம் திருச்சபை ஏன் நிற்கவில்லை என்று கிறிஸ்தவ ஊழியர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலிக்கன் பேராயர் வெஸ்ட்காட் மறுத்து எழுத, இவர் அதற்கும் மறுமொழி எழுதினார். இப்படிக் கடிதம் எழுதும் பொதுநிலையினர் நமக்கும் அவ்வப்போது கிடைக்கிறார்கள். படிக்கும்போது இனிக்காது. எடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் படித்தால் உண்மை இருப்பது தெரியும்.

இனி இறைவார்த்தைக்கு வருவோம். இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் சொல்லும் உவமை மாற்கு நற்செய்தியில் மட்டுமே இருக்கிறது. ஒருவர் நிலத்தில் விதைக்கிறார். இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார். விதை எப்படி முளைக்கிறது, வளர்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதலில் தளிர், பிறகு கதிர், பிறகு கதிர் நிறைய மணி. நிலம் தானாகவே விளைச்சல் தருகிறது என்கிறார் ஆண்டவர். 'தானாகவே' என்ற அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'அவுத்தொமாத்தே'. 'ஆட்டோமேட்டிக்' என்கிறோமே, அதன் வேர் இந்தச் சொல்தான்.

மானாவாரிக்காரனுக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டாம். புரட்டாசியில் உழுது, ஐப்பசி மழைக்கு விதைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் நாம். கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் மல்லியும் நம் கரிசலில் அப்படித்தான் வருகின்றன. மழை தப்பினால் போச்சு. பெய்தால் மண் தானாகத் தருகிறது. அதற்கு மேல் நாம் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

குமரப்பா 1942 போராட்டத்தில் சிறைப்பட்டு ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றது நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். இரண்டாவது நூலில் இயற்கையிடமிருந்தே அவர் தொடங்குகிறார். எடுத்து வாழும் விதத்தை ஐந்து படிகளாகப் பார்க்கிறார். புலி ஆட்டைத் தின்கிறது. அதோடு ஆடு தீர்ந்தது. குரங்கு மாந்தோப்பில் புகுந்து பழத்தைத் தின்கிறது. மரத்துக்கு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் மரம் நிற்கிறது. பறவை தன் உழைப்பில் கூடு கட்டி அதில் குடியிருக்கிறது. தேனீ தனக்கென்று இல்லாமல் கூட்டுக்கே சேர்க்கிறது. தாய்ப்பறவை எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதன் ஐந்தில் எந்தப் படியிலும் நிற்க முடியும் என்கிறார். செல்வத்தையும் இரண்டாகப் பிரிக்கிறார். ஆண்டுதோறும் ஓடி வந்து புதுப்பித்துக்கொள்வது ஒன்று: மரம், மழைத்தண்ணீர். பூமிக்குள் இவ்வளவுதான் என்று இருந்து, எடுத்தால் குறைந்துகொண்டே போவது இன்னொன்று: நிலக்கரி, பெட்ரோல். ஓடி வருவதை வைத்து வாழும் ஊரில் அமைதி இருக்கும், இருப்பைத் தோண்டி வாழும் ஊரில் சண்டை வரும் என்பது அவர் கணிப்பு. அந்த நூல் வந்தது 1945இல். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்தே கேட்கச் சொன்னதற்கு 70 ஆண்டுகள் முன்பு. இங்கிலாந்தில் சூமாக்கர் என்ற பொருளியலாளர் 1973இல் 'சிறியதே அழகு' என்று உலகறிந்த நூலை எழுதியபோது குமரப்பாவை அதில் எடுத்துக்காட்டினார். கல்லுப்பட்டியைச் சுற்றியிருந்த நாம்தான் மறந்துவிட்டோம்.

இதையெல்லாம் படித்தபோது எங்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அதை உங்களிடம் சொல்லத்தான் இந்த நாளை எடுத்துக்கொண்டோம்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் நம் கோயில் வளாகத்தில் ஒரு போர் போட்டோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நல்ல மனம் கொண்ட ஒருவர் பணம் தந்தார். 650 அடியில் தண்ணீர் வந்தது. அன்று வெடி போட்டுக் கொண்டாடினோம். மந்திரித்துத் தண்ணீர் தெளித்தோம். மாதா கெபியைச் சுற்றிப் புல்தரை போட்டோம், அழகாகத்தான் இருந்தது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருமென்று தெரியாததால் ஸ்டார்ட்டரில் 'ஆட்டோ' மாட்டினோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். நாம் இரவில் தூங்கினோம், பகலில் எழுந்தோம், தொட்டி நிரம்பி வழிந்தது.

அடுத்த கோடையில் கோயிலுக்குக் கீழ்த்தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். மேடையேறிப் பேசுகிறவர் இல்லை. திருப்பலிக்குக் கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்காருகிறவர். "சாமி, குத்தஞ் சொல்றேன்னு நெனைக்காதீக. கோயிலு மோட்டாரு ஓட ஆரம்பிச்சதுல இருந்து எங்க தெருப் பம்பு இருமிக்கிட்டே கெடக்கு" என்றார். அடிபம்பு இருமுகிறது என்றால் காற்று வருகிறது என்று பொருள், உங்களுக்குத் தெரியும்.

நாம் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? மழை குறைவு அம்மா, எல்லா ஊரிலும் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது, 650 அடித் தண்ணீருக்கும் உங்கள் அடிபம்புக்கும் தொடர்பு இருக்காது என்றோம். படித்தவர்கள் சொல்லும் பதில். அவர் மறுத்துப் பேசவில்லை. "சரி சாமி" என்று போய்விட்டார். பிறகு மூன்று நாள் இரவு மோட்டாரை நிறுத்தி வைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் காலை கீழ்த்தெருப் பம்பில் பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

இன்றைய முதல் வாசகம் தாவீதைப் பற்றியது. படை போர்க்களத்தில் இருக்க அரசர் அரண்மனை மாடியில் உலாவுகிறார். கண்ணில் பட்டதை ஆளனுப்பி எடுத்துக்கொள்கிறார். மறைக்க முடியாதபோது உரியாவைக் கொல்ல யோவாபுக்குக் கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார். கொடுமை. நாளைய வாசகத்தில் இறைவாக்கினர் நாத்தான் வருவார். ஏராளமான ஆடுமாடு வைத்திருந்த செல்வன், தன் விருந்துக்கு ஏழையின் ஒரே ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்து அடித்தான் என்ற கதையைச் சொல்வார். தாவீதுக்குக் கோபம் வரும், அப்படிச் செய்தவன் சாக வேண்டும் என்பார். கதையில் வருவது தாம்தான் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது.

தாவீதின் பாவம் எங்கே, ஒரு போர்வெல் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அம்மா வந்துபோன வாரத்தில் இந்தப் பகுதியைச் செபத்தில் படித்தபோது, வேறு யாரையோ பற்றிய கதை என்று எங்களால் படிக்க முடியவில்லை. புல்தரைக்கு ஒரு தெருவின் தண்ணீர். அதுவும் மாதா பெயரால். குமரப்பாவின் ஐந்து படிகளில் எதில் நின்றோம்? குரங்கு என்று சொல்லிக்கொள்ளக்கூட மனம் வரவில்லை. குரங்கு போன பிறகும் மாமரம் நிற்கும்.

திருச்சுழிப் பக்கம் குண்டாற்றங்கரையில் நடந்து பாருங்கள். நம் முன்னோர் இந்த வறண்ட பூமியில் ஓடி வரும் செல்வத்தை வைத்துத்தான் ஊர்களை உண்டாக்கினார்கள். ஒரு கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். குடிக்க ஊருணி தனி. மாடு அதில் இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. அந்த ஒழுங்கை யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. இன்று வரத்துக்கால்கள் சீமைக் கருவேலத்தால் தூர்ந்து கிடக்கின்றன. ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குக் கீழே 600, 800, 1000 அடி என்று இருப்பைத் தேடி இறங்குகிறோம். பக்கத்துக்காரர் 800 போட்டால் நாம் 900. இதில் ஏழை கடைசிவரை ஓட முடியாது. அவனிடம் இருப்பது 150 அடி அடிபம்பு. சீமைக் கருவேலத்தையும் ஒரேயடியாகத் திட்டிவிட முடியவில்லை. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் உலை வைக்கின்றன. வரத்துக்காலில் வேரோடு எடுப்போம், மேட்டில் நிற்பதை அவர்களுக்கு விடுவோம் என்பதுதான் எங்களுக்குப்பட்ட வழி.

குமரப்பா 1950களின் முற்பகுதியில் உடல்நலம் கெட்டு டி. கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949இல் அறிக்கை கொடுத்தவர். சீனா, சோவியத் நாடு எல்லாம் பார்த்தவர். பதவி கேட்டிருந்தால் டெல்லியில் கிடைத்திருக்கும். திருமணம் செய்யாத மனிதர். 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிசையில் இருந்தார். அந்தக் குடிசையில் இரண்டு படங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். ஒன்று காந்தியுடையது. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, இவர் என் தலைவர் என்பாராம். இன்னொன்று பெயர் தெரியாத ஓர் ஏழை உழவர் படம். இவர் யார் என்று கேட்டால், இவர் என் தலைவருக்குத் தலைவர் என்பாராம்.

இதைப் படித்த அன்று கடைசி வரிசையில் தூண் ஓரம் உட்காரும் அந்த அம்மாவை நினைத்துக்கொண்டோம். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். "என்ன சாமி பெரிய வார்த்தையெல்லாம்" என்று கூச்சப்பட்டார். பிறகு, "ஊருணிக்குத் தண்ணி வந்தா பம்பு தானா சரியாப் போகும், அந்தக் காலத்துல அப்பிடித்தான்" என்றார்.

ஊருணிக்கும் பம்புக்கும் உள்ள தொடர்பை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பங்குப் பேரவையில் பேசினோம். எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பணம் கொடுத்தவர் மனம் வருந்துவார் என்றார்கள், புல் காய்ந்தால் கெபி பொலிவிழக்கும் என்றார்கள். பணம் கொடுத்தவருக்கே தொலைபேசியில் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் தாயாரும் அந்தப் பம்பில்தான் தண்ணீர் பிடித்தார் என்றார். 'ஆட்டோ'வைக் கழற்றினோம். மோட்டார் காலையில் முக்கால் மணி நேரம் ஓடுகிறது, ஓர் ஆள் நின்று போட்டு நிறுத்துகிறார். சுற்றுச்சுவருக்கு வெளியே தெருப்பக்கம் இரண்டு குழாய் வைத்திருக்கிறோம். புல்தரை போய்விட்டது, அந்த இடத்தில் இரண்டு வேம்பும் ஒரு புங்கும் நிற்கின்றன. கோயில் கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக ஊருணிக்குத் திருப்பியிருக்கிறோம். சென்ற ஐப்பசியில் ஊருணியில் இடுப்பளவு நின்றது. பம்பு முழுதும் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சித்திரையில் மறுபடி இருமியது. போன ஆண்டை விட ஒரு மாதம் தாமதமாக இருமியது, அவ்வளவுதான்.

மேற்கே கண்மாயிலிருந்து ஊருணிக்கு வரும் வரத்துக்கால் இன்னும் பாதிக்கு மேல் தூர்ந்துதான் கிடக்கிறது. கரிசல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டால் மண்வெட்டி இறங்காது. ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் பங்குமக்களுக்கு: வரும் ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் ஊருணிக்கரையில் கூடுகிறோம். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். கருவேல முள் தைக்கும், செருப்பில்லாமல் வர வேண்டாம். வெட்டிய விறகு கரிமூட்டம் போடும் குடும்பங்களுக்கு. கம்மங்கூழும் மோரும் பங்கில் தருகிறோம். எந்த இடத்திலிருந்து வெட்டத் தொடங்குவது என்பதைக் கீழ்த்தெரு அம்மா வந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.